வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம்

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் இலண்டன் நகரில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் மிகப் பழைய பகுதியாகும். இவ்வரண்மனையே இன்று ஐக்கிய இராச்சியத்தின் நாடாளுமன்றக் கட்டிடமாக விளங்குகிறது. 1097 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு 1099 இல் நிறைவுற்ற இம்மண்டபம், அரச விருந்து மண்டபமாகவும் நாட்டின் முதன்மையான நீதிமன்றமாகவும் பல நூற்றாண்டுகள் பயன்பட்டது. 1898 முதல், நாடு முழுவதும் துக்கம் காக்கும் மிகச் சில வேளைகளில், இறந்தவரின் உடல் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்படும் இடமாக இது இருந்து வருகிறது. 2022 செப்டெம்பரில் அரசி இரண்டாம் எலிசபெத்தின் உடல் இங்கு வைக்கப்பட்டது.

இறந்தவரின் உடலைத் தாங்கிய மூடிய பேழையை அரச மரியாதையுடன் மேடை மீது வைத்து, பொதுமக்கள் அதனைக் கடந்து செல்ல அனுமதிக்கும் வழக்கம் இக்கட்டுரையில் பொது அஞ்சலி எனக் குறிக்கப்படுகிறது. இறுதி ஊர்வலமும் அடக்கமும் வேறு இடங்களில் நிகழும்.

அமைப்பு

மண்டபத்தின் நீளம் 73.2 மீட்டர், அகலம் 20.7 மீட்டர், உயரம் ஏறத்தாழ 28 மீட்டர் ஆகும். நார்மன் மரபைச் சேர்ந்த அரசர் இரண்டாம் வில்லியம் இதனைக் கட்டுவித்தார். அக்காலத்தில் இங்கிலாந்திலேயே மிகப் பெரிய மண்டபம் இதுவே. மண்டபம் இன்னும் பெரியதாக இருந்திருக்க வேண்டும் என அரசர் குறைப்பட்டுக் கொண்டதாக ஒரு கதை உண்டு. எதிரெதிரே இருக்கும் இரு நெடுஞ்சுவர்களின் சாளரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஏறத்தாழ 4 அடி வரை விலகியுள்ளன. அங்கு ஏற்கெனவே இருந்த பழைய மண்டபத்தைச் சுற்றிச் சுவர்களை எழுப்பியதால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தை அளந்து பார்க்க முடியாமல் இப்பிழை நேர்ந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

முதற்கூரையைத் தூண்கள் தாங்கினவா, இல்லையா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இன்று காணப்படும் கூரை அரசர் இரண்டாம் ரிச்சர்டின் ஆணைப்படி 1393 இல் தொடங்கப்பட்டது. தலைமைத் தச்சர் இயூ ஹெர்லண்ட் கூரையையும், தலைமைக் கொத்தர் ஹென்றி யெவெல் கல்வேலையையும் மேற்கொண்டனர். வடக்கு ஐரோப்பாவில் எஞ்சியுள்ள இடைக்கால மரக்கூரைகளில் இதுவே மிகப் பெரியது.

இக்கூரை தீர்த்த சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். இருபது மீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் கடக்கும் நீளமுள்ள மரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நடுவில் தொய்ந்து விடும். எனவே ஹெர்லண்ட், சுவரிலிருந்து சுவருக்கு ஓர் உத்திரம் இடுவதைக் கைவிட்டார். இரு சுவர்களின் மேற்பகுதியிலிருந்தும் குட்டையான விட்டங்களை உள்நோக்கி நீட்டி, அவற்றை அடியிலிருந்து வளைந்த முட்டுகளால் தாங்கினார். விட்டங்களின் உள்முனைகளில் செங்குத்துக் கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் அடுத்த அடுக்கை ஏற்றினார். இவ்வாறு இருபுறமும் படிப்படியாக முன்னேறிய மரங்கள் நடுவில் சந்திக்கின்றன. இவற்றுடன் பெரிய மரவளைவுகளும் இணைந்து பாரத்தைச் சுவர்களுக்குக் கடத்துகின்றன. குட்டை விட்டங்களின் முனைகளில் கேடயம் ஏந்திய தேவதூதர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஓக் மரங்கள் சர்ரே மாவட்டத்தின் பார்ணம் என்னுமிடத்தில் அறுத்து இழைத்துப் பொருத்திப் பார்க்கப்பட்டு, பிறகு பிரித்து, இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டன. கூரையின் எடை 600 டன்னுக்கும் அதிகம். தரையில் ஒரு தூண் கூட இல்லை. பிற்காலத்தில் பல்லாயிரம் பேர் இருபுறமாக நடந்து செல்லும் அஞ்சலிகளுக்கு இம்மண்டபம் பொருந்தியதற்கு இத்தூணில்லாத் தரை ஒரு முக்கியக் காரணமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரத்தைத் துளைக்கும் ஒருவகை வண்டு கூரையின் உட்பகுதியை வெகுவாக அரித்திருந்தது கண்டறியப்பட்டது. 1914 முதல் 1923 வரை பிராங்க் பெயின்ஸ் என்பவரின் மேற்பார்வையில், கீழிருந்து பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாத வகையில் எஃகுச் சட்டங்கள் மரங்களுக்குப் பின்னால் பொருத்தப்பட்டன.

இரு தீவிபத்துகள்

1834 அக்டோபர் 16 அன்று, அரசுக் கருவூலத்தில் கணக்கு வைக்கப் பயன்பட்ட பழைய மரக்குச்சிகளைப் பிரபுக்கள் அவையின் உலைகளில் எரித்தபோது தீ பரவி, அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது. தீயணைப்புப் பொறிகள் மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவரப்பட்டன. அப்போதைய நிதியமைச்சர் ஆல்தார்ப் பிரபு, அவை எரிந்தால் எரியட்டும், மண்டபத்தைக் காப்பாற்றுங்கள் என்னும் பொருள்படக் கூவியதாகச் சொல்லப்படுகிறது. 1941 மே 10 இரவில் செருமானிய வான்படை குண்டு வீசியபோது மண்டபக் கூரையும் மக்கள் அவைக் கூடமும் ஒரே நேரத்தில் தீப்பற்றின. நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் எலியட், மண்டபத்தைக் காப்பதில் முனைப்புக் காட்டுமாறு தீயணைப்பு வீரர்களிடம் வலியுறுத்தினார். மண்டபம் தப்பியது, அவைக்கூடம் முற்றிலும் எரிந்து போனது. இவ்விரு நிகழ்வுகளிலும், தாம் அமர்ந்து பேசும் அவையினும் இம்மண்டபமே மேல் என ஓர் அரசியல்வாதி முடிவு செய்தது நோக்கத்தக்கது.

விருந்து, வழக்கு, தண்டனை

துக்கத்தின் இடமாவதற்கு முன், இம்மண்டபம் அதிகாரத்தின் இடமாக இருந்தது. முடிசூட்டு விழா விருந்துகள் இங்கு நடைபெற்றன. கடைசி விருந்து நான்காம் ஜார்ஜ் முடிசூடிய 1821 இல் நிகழ்ந்தது. அடுத்து வந்த நான்காம் வில்லியம் செலவு கருதி அதனைக் கைவிட்டார். நாட்டின் உயர் நீதிமன்றங்கள் மண்டபத்தின் வெவ்வேறு மூலைகளில் ஒரே நேரத்தில் இயங்கின. இடையில் கடைகளும் இருந்தன. புத்தகமும் தலைப்பொய்முடியும் விற்கப்பட்டன.

பெரும் வழக்குகளும் இங்கேயே விசாரிக்கப்பட்டன. 1305 இல் ஸ்கொட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ், 1535 இல் தாமஸ் மோர், 1606 இல் வெடிமருந்துச் சதியில் ஈடுபட்ட கை பாக்ஸ் ஆகியோர் இங்கு மரண தண்டனை பெற்றனர். 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னர் இங்கு விசாரிக்கப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டார். இந்தியத் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கு 1788 இல் தொடங்கி ஏழு ஆண்டுகள் நீடித்து, 1795 இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டார்.

சார்லசுக்குத் தண்டனை வாங்கித் தந்தவர்களில் முதன்மையானவரான ஆலிவர் குரோம்வெல் 1658 இல் இறந்து அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். முடியாட்சி மீண்ட பின், 1661 இல் அவரது உடல் தோண்டியெடுக்கப்பட்டு, தலை துண்டிக்கப்பட்டு, இம்மண்டபத்தின் கூரை மேல் கழியொன்றில் செருகி வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தலை அங்கேயே இருந்தது. இறந்தவரின் உடலை மக்கள் காணும்படி வைப்பது இம்மண்டபத்துக்குப் புதிதன்று. மரியாதைக்காக வைப்பதுதான் புதிது. குரோம்வெல்லின் சிலை 1899 இல் மண்டபத்தின் வெளிப்புறம் நிறுவப்பட்டது.

வெறுமையான மண்டபம்

1882 இல் நீதிமன்றங்கள் அனைத்தும் ஸ்டிராண்டு சாலையில் கட்டப்பட்ட புதிய கட்டிடத்துக்கு மாற்றப்பட்டன. விருந்துகளும் முன்பே நின்று போயிருந்தன. புதிய நாடாளுமன்றக் கட்டிடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரி, மண்டபத்தின் தென்முனையில் அகன்ற படிக்கட்டும் பெரிய சாளரமும் அமைத்து அதனை நுழைவழியாக மாற்றியிருந்தார். எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நாட்டின் மிகப் புகழ்பெற்ற மண்டபத்துக்குச் செய்வதற்கெனத் தனி வேலை ஏதுமில்லை. பின்னர் வந்த துக்க மரபு இவ்வெறுமையில்தான் தோன்றியது. அதனைத் தொன்மையான வழக்கம் எனப் பலர் எண்ணினும், அதற்கு வயது ஒன்றேகால் நூற்றாண்டே ஆகிறது.

அதற்கு முன் அரசர்களின் பொது அஞ்சலி பெரும்பாலும் வின்சர் கோட்டையில் நடந்தது. விக்டோரியா அரசியும் 1901 இல் வின்சரிலேயே வைக்கப்பட்டார். தளபதியும் முன்னாள் பிரதமருமான வெலிங்டன் கோமகனின் உடல் 1852 இல் இலண்டனின் செல்சி மருத்துவமனை மண்டபத்தில் வைக்கப்பட்டபோது, கட்டுக்கடங்காத கூட்டத்தில் சிக்கிச் சிலர் உயிரிழந்தனர். துக்கம் காக்க வந்த மக்களே நெரிசலில் மடிவது எந்நாட்டிலும் நிகழக்கூடியது. மக்களை எவ்வாறு உள்ளே விடுவது, எவ்வாறு வெளியேற்றுவது என்பதே பொது அஞ்சலியின் முதற்சிக்கல் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

கிளாட்ஸ்டன், 1898

இம்மண்டபத்தில் பொது அஞ்சலி பெற்ற முதல்வர் அரசர் அல்லர். நான்கு முறை பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டன் 1898 மே 19 அன்று இறந்தார். அவருக்கு அரசமுறை இறுதிச் சடங்கு நடத்த நாடாளுமன்றம் தீர்மானித்தது. வேல்சில் உள்ள ஆவர்டனிலிருந்து தொடர்வண்டியில் கொண்டுவரப்பட்ட பேழை, இலண்டன் சுரங்க இருப்புப்பாதை வழியாக வெஸ்ட்மின்ஸ்டரை அடைந்தது. மே 26, 27 ஆகிய நாட்களில் ஏறத்தாழ 2,50,000 பேர் மண்டபத்தைக் கடந்து சென்றனர். எளிய ஓக் மரப் பேழை. பிற்காலத்தில் வழக்கமான படைக்காவல் இல்லை.

மே 28 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நிகழ்ந்த இறுதிச் சடங்கில் பேழைக்குத் துணை நின்றோருள் வேல்ஸ் இளவரசரும், அவர் மகன் யார்க் கோமகனும் அடங்குவர். அரசி விக்டோரியா இதனை விரும்பவில்லை. இவ்விருவரே பின்னர் ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்னும் பெயர்களில் அரசராயினர். இம்மண்டபத்தில் வைக்கப்பட்ட முதல் இரு அரசர்களும் இவர்களே. ஆக, குடிமகன் ஒருவருக்காக நாடாளுமன்றம் தொடங்கிய வழக்கத்தை அரச குடும்பம் பின்னர் தனதாக்கிக் கொண்டது.

அரசர்கள்: 1910, 1936, 1952

ஏழாம் எட்வர்டின் உடல் 1910 மே 17 முதல் 19 வரை இங்கு வைக்கப்பட்டது. மக்கள் எல்லா வகுப்பினரும் கலந்த ஒரே நீண்ட வரிசையில் வந்தனர். ஊதா நிறத் துணி போர்த்திய மேடை, மேடையின் நான்கு மூலைகளிலும் தலைகுனிந்து நிற்கும் காவலர், பேழை மேல் மணிமுடி என இன்று அறியப்படும் காட்சி இக்காலத்திலிருந்தே நிலைபெற்றது.

ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி 20 இல் மறைந்தார். ஜனவரி 23 அன்று பேழை மண்டபத்தை நோக்கிச் சென்றபோது, அதன் மேலிருந்த மணிமுடியின் உச்சிச் சிலுவை கழன்று தெருவில் விழுந்தது. புதிய அரசர் எட்டாம் எட்வர்டு அதே ஆண்டு டிசம்பரில் முடிதுறந்ததால், பலர் பின்னாளில் இதனை ஒரு தீய சகுனமாக நினைவுகூர்ந்தனர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அஞ்சலி செலுத்தினர். ஜனவரி 28 அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அரசரின் நான்கு மகன்களும் முன்னறிவிப்பின்றி வந்து, காவல் அதிகாரிகளுக்கு இடையே மேடையின் நான்கு பக்கமும் நின்றனர். கடந்து சென்ற மக்களுள் பலர் அவர்களை அடையாளம் காணவே இல்லை. இக்காட்சியைப் பிராங்க் பெரஸ்போர்டு ஓவியமாகத் தீட்டினார். அரசரின் மனைவி மேரி அதனை வாங்கினார். இளவரசர் காவல் எனப்படும் இவ்வழக்கம் அன்று தொடங்கியதே.

ஆறாம் ஜார்ஜ் 1952 பெப்ரவரியில் இங்கு வைக்கப்பட்டபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவரது தாயார் மேரியின் பேழை 1953 மார்ச்சில் இதே மண்டபத்தில் வைக்கப்பட்டது.

ஆர்101 வான்கப்பல், 1930

மண்டபத்தில் வைக்கப்பட்டோர் பட்டியல்களில் அடிக்கடி விடுபட்டுப் போகும் நிகழ்வு ஒன்று உண்டு. ஆர்101 என்னும் பிரித்தானிய வான்கப்பல், அன்றைய இந்தியாவின் கராச்சி நகருக்குச் செல்லும் முதற்பயணத்தில், 1930 அக்டோபர் 5 அதிகாலை பிரான்சின் போவே நகரருகே விழுந்து தீப்பற்றியது. வான்படை அமைச்சர் தாம்சன் பிரபு உட்பட 48 பேர் இறந்தனர். அக்டோபர் 10 அன்று 48 பேழைகளும் இம்மண்டபத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. அமைச்சரின் பேழையும் எந்திரப் பணியாளர் பேழைகளும் ஒன்று போலவே இருந்தன. மறுநாள் அனைவரும் கார்டிங்டனில் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டனர். அரசரோ தலைவரோ அல்லாத தொழிலாளருக்காக இம்மண்டபம் திறக்கப்பட்ட நிகழ்வு இது ஒன்றே எனலாம்.

வின்ஸ்டன் சர்ச்சில், 1965

கிளாட்ஸ்டனுக்குப் பின் இம்மண்டபத்தில் பொது அஞ்சலி பெற்ற ஒரே பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் ஆவார். 1965 ஜனவரி 24 அன்று அவர் மறைந்தார். மூன்று நாட்களில் 3,21,360 பேர் கடுங்குளிரில் காத்திருந்து அஞ்சலி செலுத்தினர். பேழை மேல் அரச கொடிக்கு மாறாக நாட்டுக் கொடி போர்த்தப்பட்டது. இந்திய விடுதலையை அவர் கடுமையாக எதிர்த்தவர் என்பதும், 1943 வங்காளப் பஞ்சத்தில் அவரது அரசின் பங்கு குறித்துக் கடும் விமர்சனங்கள் உண்டு என்பதும் தமிழ் வாசகர்கள் அறிந்ததே. பிரித்தானியர் அவருக்காகத் துக்கம் காத்தது, இரண்டாம் உலகப் போரில் தம் நாட்டைக் காத்தவர் என்னும் முறையிலாகும்.

2002

ஆறாம் ஜார்ஜின் மனைவியும் இரண்டாம் எலிசபெத்தின் தாயாருமான எலிசபெத் அரசி 2002 மார்ச் 30 அன்று 101 ஆம் வயதில் மறைந்தார். அஞ்சலிக்கு எதிர்பார்த்ததை விட மிகுதியான மக்கள் வந்தமையால் மண்டபம் திறந்திருக்கும் நேரம் நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,00,000 பேர் வந்தனர். ஏப்ரல் 8 அன்று அவருடைய பேரர்கள் நால்வர் மேடையைச் சுற்றிக் காவல் நின்றனர்.

இரண்டாம் எலிசபெத், 2022

அரசி இரண்டாம் எலிசபெத் 2022 செப்டெம்பர் 8 அன்று ஸ்கொட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் காலமானார். இறுதிச் சடங்கு நாளான செப்டெம்பர் 19 வரை ஐக்கிய இராச்சியம் முழுவதும் தேசிய துக்கம் கடைப்பிடிக்கப்பட்டது. இந்தியாவும் செப்டெம்பர் 11 அன்று ஒருநாள் துக்கம் அறிவித்துக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது.

செப்டெம்பர் 12 அன்று இரு அவைகளின் உறுப்பினர்களும் இம்மண்டபத்தில் கூடி, புதிய அரசர் மூன்றாம் சார்லசுக்கு இரங்கல் தெரிவித்தனர். இரு நாட்களுக்குப் பின், செப்டெம்பர் 14 பிற்பகலில், பக்கிங்காம் அரண்மனையிலிருந்து பீரங்கி வண்டியில் ஏற்றப்பட்ட பேழை இங்கு கொண்டுவரப்பட்டது. அன்று மாலை 5 மணியளவில் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர். செப்டெம்பர் 19 காலை 6.30 மணிக்குக் கதவுகள் மூடும் வரை இரவும் பகலும் அஞ்சலி தொடர்ந்தது.

பேழை மேல் அரச கொடி போர்த்தப்பட்டு, மணிமுடியும் கோளமும் செங்கோலும் வைக்கப்பட்டன. காவலர் ஒவ்வொரு 20 நிமிடமும் மாறினர். மாறும் நேரத்தை அறிவிக்கத் தரையில் தடியால் தட்டும் ஒலியைத் தவிர மண்டபத்தில் ஏறக்குறைய எந்த ஒலியும் இல்லை. நிழற்படம் எடுக்கவும் கைப்பேசி பயன்படுத்தவும் தடை இருந்தது. மக்கள் தென்முனைப் படிக்கட்டில் இறங்கி, மேடையின் இருபுறமும் நடந்து, ஒரு கணம் நின்று, வடவாயில் வழியே வெளியேறினர். சிலர் தலை வணங்கினர், சிலர் சிலுவைக்குறி இட்டனர், சிலர் கைகூப்பினர். முதல் நாள் இரவில் காவலர் ஒருவர் மயங்கி விழுந்ததும், செப்டெம்பர் 16 இரவில் வரிசையிலிருந்து விலகி மேடையை நோக்கி ஓடிய ஒருவர் கைது செய்யப்பட்டதும் மட்டுமே அமைதியைக் குலைத்த நிகழ்வுகள். பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் அஞ்சலியை வருணனையின்றி இடைவிடாது நேரடியாக ஒளிபரப்பியது.

செப்டெம்பர் 16 மாலையில் அரசரும் அவருடன் பிறந்த மூவரும் மேடையைச் சுற்றி நின்றனர். அவர்களுள் இளவரசி ஆன் இக்காவலில் பங்கேற்ற முதற்பெண் ஆவார். சில நாட்கள் முன்பு எடின்பரோவிலும் அவர் அவ்வாறே நின்றிருந்தார். மறுநாள் அரசியின் பேரப்பிள்ளைகள் எண்மர் நின்றனர். வெளிநாட்டுத் தலைவர்கள் பலர் அஞ்சலி செலுத்தினர். இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு செப்டெம்பர் 18 அன்று வந்தார்.

வரிசை

2022 அஞ்சலியில் மண்டபத்துக்கு இணையாகப் பேசப்பட்டது அதற்கான வரிசையாகும். அது தேம்ஸின் எதிர்க்கரையில், ஆல்பர்ட் கரைச்சாலையிலிருந்து கோபுரப் பாலத்தைக் கடந்து, சதர்க் பூங்கா வரை நீண்டது. பூங்காவுக்குள் வளைந்து செல்லும் பகுதியையும் சேர்த்து 10 மைல் வரை இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வந்தவர்களுக்கு எண்ணிட்ட வண்ணக் கைப்பட்டை வழங்கப்பட்டது. கழிப்பறைக்குச் சென்று திரும்பும்போது தன் இடத்தைப் பெற இதுவே சான்று. வரிசையின் கடைசி எங்குள்ளது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அரசுத் துறையொன்று யூடியூப் தளத்தில் நேரடியாகக் காட்டியது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை இருந்தது. காத்திருப்பு ஒரு கட்டத்தில் 24 மணி நேரத்தையும் தாண்டியது. பூங்கா நிறைந்ததால் செப்டெம்பர் 16 அன்று புதியவர்கள் சேர்வது சில மணி நேரம் நிறுத்தப்பட்டது; அப்போதும் பலர் பூங்காவுக்கு வெளியே இன்னொரு வரிசையை உண்டாக்கிக் கொண்டனர். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் ஏறத்தாழ 12 மணி நேரம் பொதுவரிசையில் நின்று வந்தார்.

மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 2,50,000 பேர் மண்டபத்தைக் கடந்தனர். திறந்திருந்த நேரம் ஏறக்குறைய 109 மணி. அதாவது சராசரியாக நிமிடத்துக்கு 38 பேர். 1936 இல் இதனை ஒத்த கால அளவில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்து சென்றதையும் சேர்த்துப் பார்த்தால், 2022 எண்ணிக்கை குறைவு என்பது புலப்படும். மக்களின் ஆர்வம் குறைந்ததால் அன்று இது. நீண்ட வரிசையே அதற்குச் சான்று. விமான நிலையங்களில் உள்ளது போன்ற பாதுகாப்புச் சோதனை வாயிலிலேயே நடைபெற்றதால், வரிசையின் வேகத்தை மண்டபத்தின் அகலம் தீர்மானிக்கவில்லை. சோதனைக் கூடமே தீர்மானித்தது. எனவே எண்ணிக்கைகளை மட்டும் கொண்டு ஒரு தலைவரின் மீதான மக்களன்பை மற்றொருவருடையதோடு ஒப்பிடுவது பொருத்தமன்று.

வரிசை அனைவருக்கும் சமமாக இருந்தது எனப் பெரிதும் புகழப்பட்டது. ஆயினும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தம் விருந்தினருடன் வரிசையில் நில்லாமல் செல்ல அனுமதிக்கப்பட்டமை கண்டனத்துக்கு உள்ளானது. அதே கட்டிடத்தில் பணிபுரியும் உதவியாளர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கு நிகரான சலுகை இல்லாததைச் சிலர் சுட்டிக்காட்டினர்.

யாருக்கு இடம்

இம்மண்டபத்தில் யார் வைக்கப்படலாம் என்பதற்கு எழுதப்பட்ட சட்டம் ஏதுமில்லை. ஆட்சியிலிருந்து மறையும் அரசருக்கும், சில வேளைகளில் அரசரின் மனைவிக்கும் இவ்விடம் வழக்கத்தால் கிடைக்கிறது. குடிமக்களுக்கு அரசரின் இசைவும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டன. முடிதுறந்த எட்டாம் எட்வர்டு 1972 இல் வின்சரில் வைக்கப்பட்டார். இளவரசி டயானா 1997 இல் இறந்தபோது துக்கம் நாடெங்கும் பெருகியிருந்தும், அவருக்கு இங்குப் பொது அஞ்சலி நடத்தப்படவில்லை. மக்கள் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் இரங்கல் ஏடுகளில் கையெழுத்திட மணிக்கணக்கில் நின்றனர். இளவரசர் பிலிப் 2021 இல் பெருந்தொற்றுக் காலத்தில் மறைந்தார். அவருக்கும் இங்கு அஞ்சலி இல்லை.

மண்டபத்தை ஒட்டி நிலவறையில் அமைந்துள்ள புனித மேரி சிற்றாலயம் இடைப்பட்ட ஒரு மரியாதைக்குப் பயன்படுகிறது. முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரின் பேழை 2013 இலும், இடதுசாரித் தலைவர் டோனி பென்னின் பேழை 2014 இலும் இறுதிச் சடங்குக்கு முந்தைய இரவில் அங்கு வைக்கப்பட்டன. 2017 மார்ச்சில் நாடாளுமன்ற வாயிலில் தாக்குதலைத் தடுக்க முயன்று கொல்லப்பட்ட காவலரின் பேழையும் அரசியின் இசைவுடன் அங்கு வைக்கப்பட்டது. வாழ்நாளில் எதிரெதிர் அணிகளில் நின்ற தாட்சருக்கும் பென்னுக்கும் ஒரே இடம் வழங்கப்பட்டது அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

பட்டயங்களும் பிற பயன்பாடும்

மண்டபத்தின் கல்தளத்தில் பித்தளைப் பட்டயங்கள் பதிக்கப்பட்டுள்ளன. வாலஸ், மோர், முதலாம் சார்லஸ் ஆகியோர் விசாரிக்கப்பட்ட இடங்களும், கிளாட்ஸ்டன் முதலியோரின் பேழைகள் இருந்த இடங்களும் இவ்வாறே குறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் எலிசபெத்துக்கான பட்டயத்தை மூன்றாம் சார்லஸ் 2022 டிசம்பரில் திறந்து வைத்தார்.

மற்ற நாட்களில் மண்டபம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அரிதாக அயல்நாட்டுத் தலைவர்கள் இங்கு உரையாற்ற அழைக்கப்படுகின்றனர். நெல்சன் மண்டேலா 1996 இலும், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 இலும், பராக் ஒபாமா 2011 இலும், உக்ரைன் குடியரசுத் தலைவர் வொலோதிமிர் செலென்ஸ்கி 2023 இலும் இங்கு உரை நிகழ்த்தினர். நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்க வருவோர் இம்மண்டபத்தின் வழியாகவே உள்ளே செல்கின்றனர்.